ஒட்டாயி கை மடங்கிய கதை

அந்தக் காலத்தில் மீன் மட்டுமில்லை, மீனுக்குள் ஓடுகிற ரத்தமும் வாய் ஓயாமல் பேசும். ரத்தத்தில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பொடிசுகளுக்கும் பேர் இருந்தது, உறவு இருந்தது, உறவு இருந்ததால் சண்டையும் இருந்தது. இது ஓர் அக்காள் தங்கைச் சண்டை. கூடப் பிறந்த தங்கை இல்லை, சித்தி மகள். எனக்கும் ஒரு சித்தி மகள் இருக்கிறாள், அதனால் இந்தக் கதையை நான் சொன்னால்தான் சரியாக வரும்.

கடலில் அப்போதுதான் ஒரு மீனுக்குத் தாடை முளைத்திருந்தது. அதற்கு முன்னால் இருந்த மீன்களெல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிறதை உறிஞ்சும், அவ்வளவுதான். இதற்குக் கடிக்க வந்துவிட்டது. புதிதாகக் கடிக்கக் கற்றுக்கொண்டது சும்மா இருக்குமா? பார்த்ததையெல்லாம் கடித்தது, திருப்பிக் குத்தும் கொட்டும் வாங்கியது. உடம்பெல்லாம் காயம். காயத்தின் வழியாகக் கடலில் கிடக்கிற கிருமிக் கூட்டமெல்லாம் பந்தி போட்ட கல்யாண வீட்டுக்குள் வருகிற மாதிரி உரிமையோடு உள்ளே வரும்.

அந்த மீனின் உடம்புக்குள் பெரிய வீடு கல்லீரல். வீட்டுக்காரி பெயர் கல்லம்மா. அவளுடைய மூத்த மகள் ஒட்டாயி. மூத்த மகளை ஒரு தரம் பெற்றதோடு கல்லம்மா விடவில்லை. பழையவள் தேயத் தேயத் தினமும் புதிதாகப் பெற்று ரத்தத்தில் விடுவாள். அம்மா பெறுவதை நிறுத்தினால் ஒட்டாயி என்று ஒருத்தி நாலு நாளில் இல்லாமல் போய்விடுவாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டாயிக்குக் கையில் பசை. பலாப்பால் எல்லாம் அதற்கு முன்னால் தண்ணீர். வைத்தால் வைத்ததுதான், அந்த ஆள் ஒழிகிற வரைக்கும் அவளே நினைத்தாலும் எடுக்க முடியாது. அந்தக் கை எந்நேரமும் விரிந்தே இருக்கும். ரத்தத்தோடு ஓடி ஓடி, உள்ளே நுழைந்த வெளியாள் எவனையாவது கண்டால் அவன் முதுகில் கையை வைப்பாள். அதுதான் அவள் வேலை. மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வாயன் என்று ஒருத்தன் இருந்தான், எதைக் கண்டாலும் விழுங்குகிறவன். ஆனால் கிருமி வழுக்குமே! விரால் மீனை அறுக்கிறபோது பிடி நழுவாமல் இருக்கக் கையில் சாம்பல் தொட்டுக்கொள்கிறோம் இல்லையா, அந்த மாதிரி ஒட்டாயியின் பசை பட்ட இடமாகப் பார்த்துப் பிடித்துத்தான் வாயன் விழுங்குவான். அவனுக்கும் அடங்காத கிருமி என்றால் ஒட்டாயியின் தம்பிகள் ஐந்து பேர் வருவார்கள். அக்காள் கை வைத்த இடத்துக்கு நேராகப் போய், ஒருத்தன் தோளை ஒருத்தன் பிடித்து, கிணற்று உறை மாதிரி வட்டமாக இறங்கி, எதிரியின் தோலில் ஓட்டை போட்டுவிடுவார்கள். தண்ணீர் உள்ளே பாய்ந்து அவன் உப்பி வெடிப்பான். தம்பிகள் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அக்காள் கை வைத்திருக்கிறாளா, ஓட்டை போடு. அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது.

அப்படியானால் சொந்தக்காரர் மேல் தவறிக் கை பட்டுவிடாதா என்று கேட்பீர்கள். படாது. ஒட்டாயிக்கு எல்லாருடைய முகமும் தெரியும். நெருக்கடியான குழாய்க்குள் உரசிக்கொண்டு போகும்போதுகூடக் கையை உயரத் தூக்கிக்கொள்வாள். அவள் கண்ணை அத்தனை பேரும் நம்பினார்கள். செவந்தி எல்லாரையும்விட அதிகமாக நம்பினாள்.

செவந்தி யார் என்றால், செவுளிலிருந்து மூச்சைச் சுமந்துகொண்டு போய் உடம்பு முழுக்கக் கொடுக்கிற சிவப்புக்காரிகளில் ஒருத்தி. ஒட்டாயிக்கு உயிர்த்தோழி. ஒவ்வொரு சுற்றும் முடிந்து வரும்போது பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு, வால் பக்கத்தில் யார் என்ன சொன்னார்கள், செதில் வீட்டில் என்ன சண்டை என்று ஒன்று விடாமல் சொல்லுவாள். பசைக்கையைக் கண்டு பயப்படாமல் அவ்வளவு பக்கத்தில் வருகிறவள் அவள் ஒருத்திதான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மண்ணீரல் வீட்டிலிருந்து அந்தப் பெண் வந்தாள். மண்ணீரல் வீட்டுக்காரி மண்ணம்மா, கல்லம்மாவின் தங்கை. அவள் மகள் கவையரசி. பேருக்கு ஏற்ற மாதிரி உடம்பு, கவட்டைக் கம்பு போல மேலே இரண்டாகப் பிரிந்து இரண்டு கை. ஒருதரம் வந்துபோன கிருமியை மறக்கவே மாட்டாள். அடுத்த தரம் அவன் வரும்போது அவன் உடம்பின் மேடு பள்ளத்துக்குப் பொருந்துகிற மாதிரியே கையை வளைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அழகாகவும் இருந்தாள், சனியன். ஒரு வார்த்தைக்கு முன்னால் ஓர் அக்கா, பின்னால் ஓர் அக்கா.

வந்த ஒரு வாரத்தில் அது நடந்தது. வழுக்கி என்று ஒரு கிருமி, முன்னால் ஒருதரம் மண்ணீரல் வீட்டுக்குள் வந்துபோனவன். உடம்பின் சொந்தக்காரர்கள் எல்லாரும் மேலே ஒரு சர்க்கரைப் பூச்சு பூசியிருப்பார்கள், அதே பூச்சை இவனும் பூசிக்கொண்டு வந்துவிட்டான். ஒட்டாயி பார்த்தாள். "நம்ம ஆளுதான், போகட்டும்" என்று கையைத் தூக்கிக்கொண்டாள். பின்னாலேயே வந்த கவையரசி இரண்டு கையாலும் அவனைக் கவ்விப் பிடித்தாள்.

"அக்கா, இவன் நம்ம ஆளு இல்லக்கா. சட்டை மட்டும்தான் நம்ம சட்டை. கையை இங்க வைங்கக்கா. அங்க இல்ல, இங்க."

ஒட்டாயி வைத்தாள். வாயன் விழுங்கினான். ஏப்பம் விட்டுவிட்டுச் சொன்னான்: "இது நல்ல ஏற்பாடா இருக்கே! இனிமே கவையரசி காட்டட்டும், ஒட்டாயி ஒட்டட்டும்."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். விழுங்குகிறவனுக்கு என்ன தெரியும்? ஆனால் அன்றைக்கு வீடு முழுக்க அதே பேச்சு. பெற்ற தாய் கல்லம்மாவே, "என் தங்கச்சி மண்ணு பெத்த பிள்ளைக்கு எம்புட்டு ஞாபகம், பாரேன்! ஏட்டி ஒட்டாயி, நீயும் அவகூடக் கொஞ்சம் இருந்து பழகிக்கோ" என்றாள். இருந்து பழக வேண்டுமாம்! தாடையே இல்லாத பாட்டன் பூட்டன் மீன்கள் காலத்திலிருந்து, கவையரசி என்கிற பேரே இல்லாத காலத்திலிருந்து, இந்த ரத்தத்தைக் காத்துக்கொண்டு வருகிறவள் ஒட்டாயி.

என் சித்தி மகள் பத்தாம் வகுப்பில் மாவட்டத்திலேயே மூன்றாவதாக வந்தபோது என் அம்மா எனக்கும் ஒரு லட்டு கொடுத்தாள். அந்த லட்டு இன்னும் என் தொண்டையிலேதான் நிற்கிறது. அதனால் ஒட்டாயிக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அதற்குப் பிறகு ஒட்டாயிக்குக் கண்ணும் காதும் வேறு எதிலும் போகவில்லை. குறுகலான குழாயில் எல்லாரும் கவையரசிக்கு வழி விட்டு ஒதுங்குவது தெரிந்தது. தனக்கும் ஒதுங்குகிறார்கள்தான், ஆனால் அது பசைக்குப் பயந்து. புதிதாகப் பிறந்து வந்த பொடிசு ஒன்று இன்னொன்றிடம், "அது யாரு?" என்று கேட்டது. "அதுவா? கவையரசிக்குத் துணைக்கு வர்ற ஆளு" என்றது மற்றது. ஒட்டாயி அதைக் கேட்டுக்கொண்டே மிதந்து போனாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். செவந்தியைப் பொறுக்க முடியவில்லை. முன்பெல்லாம் ஊர்ச் சேதி சொல்ல வருகிறவள் இப்போது கவையரசியின் சேதியாகக் கொண்டுவந்தாள்.

"தெரியுமா ஒட்டாயி, நாலு காயத்துக்கு முன்னாடி வந்தவன் ஒருத்தன் இன்னைக்குத் திரும்ப வந்தானாம். கவையரசி அவனைப் பார்த்த உடனே, வாடா, மறுபடியும் வந்துட்டியான்னு கேட்டாளாம்!"

"கேட்டிருப்பா."

"எனக்குச் சிரிப்பு தாங்கல."

"சிரியேன். யார் வேணாம்னா?"

"ஏன் இப்படிப் பேசுற?"

"எப்படிப் பேசுறேன்? அவளுக்குக் கை ரெண்டு, எனக்கு ஒண்ணு. அதுதானே வித்தியாசம்? ஊரே அவ பின்னாடி போகுது, நீயும் போயேன்."

"உனக்குப் பொறாமை" என்றாள் செவந்தி, சிரித்துக்கொண்டே. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஒட்டாயி சண்டை போட்டுச் சமாதானமாகியிருப்பாள். சிரித்துவிட்டு அவள் தன் சுமையோடு போய்விட்டாள். போன திசையில்தான் கவையரசியும் இருந்தாள்.

அன்றைக்கு ஒட்டாயி ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த காயத்தில் கவையரசி வாயைத் திறக்கும் முன்னால் தான் கையை வைத்துவிட வேண்டும். காட்டுவதற்கு ஆள் வேண்டாம், தானே போதும் என்று ஊர் பார்க்க வேண்டும். அதோடு இன்னொன்றும் நினைத்தாள். வழுக்கி விஷயத்தில் நம்ம ஆள் என்று விட்டதால்தானே இந்த அவமானம்? இனிமேல் யாரையும் நம்ம ஆள் என்று சுலபமாக விடுவதில்லை.

மீன் ஒரு கடல்தேளைக் கடிக்கப் போய் அதன் வாலில் இருந்த முள்ளால் அடி வாங்கியது. செவுளுக்குக் கீழே நீளமாகக் கிழிந்துவிட்டது. ஒட்டாயி எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். பின்னால் கவையரசி கத்திக்கொண்டே வந்தாள்: "அக்கா, பார்த்துப் போங்க! ஒரே கலங்கலா இருக்கு!" ஒட்டாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காயத்துக்குள் வழுக்கியின் கூட்டமே நுழைந்திருந்தது. அவர்கள் பூசியிருந்த சர்க்கரைப் பூச்சு வழவழவென்று பிய்ந்து, போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் அப்பிக் கிடந்தது. ஒட்டாயி இங்கே ஒருவன், அங்கே ஒருவன் என்று கையை வைத்துக்கொண்டே போனாள். தம்பிகள் பின்னாலேயே ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அப்போது எதிரே சிவப்பாக ஓர் உருவம் வந்தது. மேலெல்லாம் வழவழப்பு. "ஒட்டாயி, வழி விடு, மூச்சு கொண்டு போறேன். அங்க வால் பக்கம் காத்துக் கிடக்காங்க" என்றது.

குரல் செவந்தியின் குரல். முகமும் அவள் முகம்தான், பாதி மூடியிருந்தது. ஒட்டாயியின் கை அரைவாசி தூக்கியபடி நின்றது. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் அவள் கையை உயர்த்தி வழி விட்டிருப்பாள், சத்தியமாக.

"அக்கா, வேண்டாம்! அது செவந்தி!" என்று பின்னாலிருந்து கவையரசி கத்தினாள்.

அந்தச் சத்தம் கேட்டதும் ஒட்டாயிக்குள் என்னவோ வெடித்தது. செவந்தியை எனக்கு இவள் காட்ட வேண்டுமா? எனக்குச் செவந்தியைத் தெரியாதா? நேற்று வந்தவள், என் தோழியை எனக்கு அடையாளம் சொல்கிறாள்!

கையை வைத்துவிட்டாள்.

தெரியாமல் வைத்தாள் என்று சொல்லி அவளைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். தெரிந்துதான் வைத்தாள். கை போய்ச் சேரும் முன்னாலேயே அவளுக்குத் தெரியும்.

இழுத்துப் பார்த்தாள், கை வரவில்லை. மூத்த தம்பி வந்து நின்றான். "நிறுத்துடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பான். ஆனால் கவையரசி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முன்னால் எப்படிச் சொல்வது? சொன்னால் நான் தப்புச் செய்துவிட்டேன் என்று ஆகிவிடாதா? இரண்டாவது தம்பி வந்து அண்ணன் தோளைப் பிடித்தான். செவந்தி இன்னும் பயப்படவே இல்லை. "ஏ, இவங்ககிட்டச் சொல்லு, நான்தான்னு" என்றாள். மூன்றாவது தம்பி வந்தான். நான்காவது தம்பி வந்தான். "ஒட்டாயி, சொல்லு. சொல்லேன்!" ஒட்டாயியின் வாய் திறக்கவில்லை. ஐந்தாவது தம்பி வந்து வட்டத்தை முடித்தான்.

தண்ணீர் உள்ளே பாய்ந்து செவந்தி உப்பினாள், வெடித்தாள். அவள் சுமந்து வந்த மூச்சு வீணாகக் கலங்கலில் கரைந்து போனது.

அதோடு நின்றதா? அக்காள் சிவப்புக்காரி மேலேயே கை வைத்துவிட்டாள் என்றால் சிவப்புக்காரிகள் எல்லாருமே எதிரிகள் போலிருக்கிறது என்று தம்பிகள் எடுத்துக்கொண்டார்கள். வழவழப்பு பட்ட அத்தனை பேரையும் துளைத்தார்கள். மூச்சு சுமக்க ஆளில்லாமல் மீன் தள்ளாடிப் பக்கவாட்டில் சாய்ந்தது. கவையரசியும் வாயனும் ஆளுக்கொரு பக்கம் தம்பிகளைப் பிடித்து இழுத்து நிறுத்துவதற்குள் பாதிச் சிவப்புக் கூட்டம் போய்விட்டது. மீன் பிழைத்தது, அவ்வளவுதான் சொல்லலாம்.

கல்லம்மா மகளை முன்னால் நிறுத்தினாள். அவள் கத்தவில்லை. "இனிமே நான் உன்னைப் பெறப் போறதில்ல" என்று மட்டும் சொன்னாள். ஒட்டாயிக்கு அதன் அர்த்தம் தெரியும். நாலு நாள்.

கவையரசிதான் குறுக்கே வந்தாள். "பெரியம்மா, அப்படிச் சொல்லாதீங்க. நான் பிடிச்சுத்தான் வச்சிக்க முடியும். அக்கா கை இல்லாம அவனை நான் என்ன செய்ய? பிடிச்சுக்கிட்டே நிக்க வேண்டியதுதான்."

"எனக்காக நீ பேசாதே!" என்று ஒட்டாயி சீறினாள். அவ்வளவு ஆன பிறகும் எரிச்சல் போகவில்லை, பார்த்தீர்களா? இவள் வாங்கிக் கொடுக்கிற உயிர் எனக்கு வேண்டாம் என்றுதான் தோன்றியது.

அந்த நேரத்தில் அவர்களைத் தாண்டி ஒரு சிவப்புக்காரி போனாள். பிழைத்தவர்களில் ஒருத்தி, சின்னவள். ஒட்டாயியைப் பார்த்ததும் சுமையோடு சுவரில் ஒட்டி ஒடுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையையே பார்த்தபடி நகர்ந்து போனாள். அதைக் கண்டதும் ஒட்டாயி உடைந்து அழுதாள். அம்மா திட்டியிருந்தாலும் அடித்திருந்தாலும் அப்படி அழுதிருக்க மாட்டாள்.

அழுது முடித்துவிட்டு அவளே கேட்டாள்: "அம்மா, என் கையை உள்ள மடக்கித் தைச்சிடு. நானா நினைச்சா வெளிய வரக் கூடாது. என்னை அறுத்தாத்தான் வரணும்."

"சரி, இனிமே அப்படியே பெறுறேன்" என்று கல்லம்மா அந்தக் கையை உள்ளே மடக்கித் தைத்தாள். பிறகு தன்னுடைய வேறு இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டாள். அந்த இரண்டு பேரும் சேர்ந்தால் ஓர் அரிவாள்மணை. ஒருத்தன் பலகையாகப் படுப்பான், ஒருத்தன் அரிவாளாக நிற்பான். தனித்தனியே இருந்தால் ஒரு வெண்டைக்காயைக்கூட வெட்ட மாட்டார்கள். "கவையரசி எவனைப் பிடிக்கிறாளோ அவன் மேலே போய் உட்காருங்க. ஒட்டாயி வந்தா ரெண்டா அறுங்க" என்றாள்.

"வெளிய வந்த கைக்குக் கண்ணிமைக்கிற நேரம்தான் பசை இருக்கும்" என்று மகளிடம் சொன்னாள். "அதுக்குள்ள பக்கத்துல இருக்கிறவன் மேல ஒட்டலைன்னா தண்ணி பட்டுச் செத்துடும். தூரமாப் போய் யாரையும் தொட முடியாது." அதுவும் போதவில்லை என்று, உடம்பில் உள்ள சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு காப்பு செய்து மாட்டினாள். தவறி ஒட்டாயியின் கை பட்டால்கூட, அந்தக் காப்பு உடனே கையைச் செயல் இழக்க வைத்துவிடும், தம்பிகளையும் வட்டம் சேரவிடாது. முதல் காப்பு அந்தச் சின்னச் சிவப்புக்காரிக்கு.

"அறுத்தா நான் ரெண்டு துண்டாவேனே. பெரிய துண்டு ஒட்டும். சின்னத் துண்டு என்ன ஆகும்?" என்று ஒட்டாயி கேட்டாள்.

"அது எதுக்கும் உதவாது. தண்ணியோட போயிடும்."

"அப்படின்னா என் வாயை அந்தத் துண்டுல வச்சிடும்மா" என்றாள்.

ஏன் என்று கல்லம்மா கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.

எல்லாம் முடிந்து புறப்படும்போது ஒட்டாயி தயங்கித் தயங்கி இன்னும் ஒன்று கேட்டாள். "எப்பவும் அவ காட்டித்தான்னு வைக்காதேம்மா. எப்பவாவது ஒண்ணு ரெண்டு தடவை, நானா..." கல்லம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எல்லாருக்கும் காப்பு மாட்டியாயிற்று, இனிப் பயமில்லை என்று, தையலில் ஓர் இடத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டாள். அதனால்தான் இன்றைக்கும் ரத்தத்தில் யாரும் காட்டாமலும், யாரும் அறுக்காமலும், எந்நேரமும் எங்கேயாவது ஓர் ஒட்டாயியின் கை தானாகவே திறந்துகொள்கிறது. காப்பில்லாத வெளியாள் பக்கத்தில் இருந்தால் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் வீணாகப் போகும். அந்தப் பொல்லாத பொறாமை அவ்வளவு சுலபத்தில் போகுமா என்ன?

பத்து நாள் கழித்து அடுத்த காயம் வந்தது. கவையரசி வந்தவனைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இங்க" என்றாள். பலகைத் தம்பி படுத்தான், அரிவாள் தம்பி நின்றான். ஒட்டாயி தானாகவே போய்க் கழுத்தைக் கொடுத்தாள். அறுபட்டதும் பெரிய துண்டின் கை வெளியே வந்து எதிரியின் முதுகில் பச்சென்று ஒட்டியது. சின்னத் துண்டு ரத்தத்தில் ஓடிக்கொண்டே வாய் கிழியக் கத்தியது: "வாங்க! எல்லாரும் வாங்க! இங்க ஆள் இருக்கு! ஓடி வாங்க!" அந்தக் கத்தலில் குழாய்ச் சுவர்களெல்லாம் இளகி வழி விட்டன. தண்ணீர் கசிந்து நிறைந்தது. வாயனும் அவன் கூட்டமும் முண்டியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அந்த இடமே சிவந்து வீங்கிவிட்டது.

பிற்காலத்தில் கண்ணாடிக் குழாயும் கையுமாக ஆராய்ந்தவர்கள் ஒட்டாயியும் தம்பிகளுமான இவர்கள் வீட்டுக்கே நிரப்புப் புரதங்கள் என்று பெயர் வைத்தார்கள். கவையரசி விட்ட குறையை நிரப்புகிறவர்களாம்! மூத்தவள் இவள், பெயர் மட்டும் துணைக்கு வருகிறவள் பெயர். ஒட்டாயி அதைக் கேட்டிருந்தால் பசை கொதித்திருக்கும். ஆனால் அவளுக்கு இப்போது அதைக் கேட்க நேரமில்லை.

அன்று முதல்தான், ஒரு சின்ன முள் குத்தினாலும் அந்த மீனின் வழியில் வந்த நமக்கு அந்த இடம் சிவந்து வீங்கிச் சுடுகிறது. செவந்திக்காக ஒரு தடவை கத்தாமல் விட்டதை, ஒட்டாயி இன்னும் கத்திக்கொண்டே இருக்கிறாள்.